சட்டம் தண்டியாதது எல்லாம் தருமம் ஆகுமா?

(இணையவழி விளையாட்டுப் பந்தயம் பற்றிச் சில சிந்தனைகள்)

ஆலயத்தின் ஆண்டு மலர் என்றால் தல வரலாறு, திருவிழாச் சிறப்பு, அடியார் பெருமை என்பவற்றை எழுதுவதே எமது மரபு. இவ்வருடம் மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, அம்மரபிலிருந்து சற்று விலகி, எமது இளைஞர்கள் பலரும் மனத்தில் வைத்திருக்கின்ற ஒரு வினாவை எடுத்துக்கொள்ள விரும்பினேன். கச்சேரியிலே நீண்ட காலம் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவன் என்பதால், சட்டம், சுற்றறிக்கை, படிவம் என்று எது வந்தாலும் ஊரவர் என்னிடம் கேட்பது வழக்கம். காணி உறுதி, ஓய்வூதியம், பிறப்புச் சான்றிதழ் என்றிருந்த அந்தக் கேள்விகளோடு இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "கைத்தொலைபேசியில் துடுப்பாட்டப் போட்டிக்குப் பந்தயம் கட்டினால் அது சட்டப்படி குற்றமா?" என்பதே அது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் ஒரு பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார். "கட்டுகின்றவனைப் பெரும்பாலும் பிடிப்பதில்லை" என்று நான் சொன்னால், "அப்படியென்றால் பிழை இல்லைத்தானே" என்று மனம் ஆறுதல் கொள்கிறது. பிடிப்பார்களா என்பது ஒரு கேள்வி. சரியா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்வதுதான் இன்று நடக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது நாட்டுச் சட்டம்

ஆங்கிலேயர் ஆட்சியில், 1889 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. அச்சட்டத்தின் கண் எங்கே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தெரு, ஒழுங்கை, பொதுமக்கள் வந்துபோகும் இடம், தவறணை, சூதாட்டத்துக்கென்றே வைத்திருக்கும் வீடு என்று இடங்களைக் குறித்தே, அங்கு பணயம் வைத்து ஆடுவதை அது சட்டவிரோதம் என்றது. இரண்டு நண்பர்கள் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு போட்டியின் முடிவுக்குப் பந்தயம் பிடிப்பதை அது தேடிப் போகவில்லை. குதிரைப் பந்தயத்துக்குத் தனியான கட்டளைச் சட்டம் ஒன்று இருந்தது. பின்னர் 1988 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டம் வந்து, இத்தொழிலை நடத்துவோரிடம் அரசுக்குரிய பணத்தை அறவிட்டது. 2010 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்த வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அதுதான் 'இடம்'. பொலிசார் போய்க் கதவைத் தட்டுவதற்கு ஒரு வீடோ கடையோ இருந்தது. கைத்தொலைபேசிக்கு அப்படி ஓர் இடம் இல்லை. பந்தயம் கட்டுபவர் எமது ஊர்ப் பனங்காணிக்குள் இருக்கிறார். பந்தயம் பிடிப்பவர் எந்த நாட்டில் பதிவு செய்த கொம்பனி என்பது கட்டுபவருக்கே தெரியாது. போட்டியோ மும்பாயிலோ மெல்பேணிலோ நடக்கிறது. குற்றம் எங்கே நடந்தது என்று 1889 இல் சட்டம் எழுதியவரைக் கேட்டால் அவர் திகைத்துப் போவார்.

இந்தக் குறையை நிரப்பவே 2025 ஆம் ஆண்டில் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபையை உருவாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சிதறிக் கிடந்த பழைய சட்டங்களின் இடத்தில் ஒரே அதிகார சபையை வைப்பதும், இணையவழிச் சூதாட்டத்தையும் அதன் எல்லைக்குள் கொண்டுவருவதும், தொழில் நடத்துவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்பதும் அதன் நோக்கங்கள். இங்கும் சட்டத்தின் முதற் பார்வை தொழில் நடத்துபவர் மீதே விழுகிறது.

ஆயினும் விளையாட்டுக் கழகங்களில் இருக்கும் எமது பிள்ளைகள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க விளையாட்டுடன் தொடர்புடைய தவறுகளைத் தடுத்தல் சட்டம், போட்டி நிர்ணயம் போன்ற குற்றங்களுக்கு 10 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனையையும் 10 கோடி ரூபா வரையான தண்டப் பணத்தையும் விதிக்க இடமளிக்கிறது. வீரர், பயிற்றுநர், நடுவர் என விளையாட்டோடு தொடர்புடையவர் பந்தயத்தோடு கொள்ளும் உறவைச் சட்டம் பார்வையாளனின் பந்தயத்தைப் போல எண்ணுவதில்லை. அதுபோலவே, "உன் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும், அதை இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடு, உனக்கும் ஒரு பங்கு உண்டு" என்று கேட்கப்பட்டு, கணக்கை இரவல் கொடுப்பவர் 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணந்தூய்தாக்கல் தடுப்புச் சட்டத்தின் வாசலில் போய் நிற்க நேரிடலாம். அப்போது "நான் வெறுமனே பந்தயம் கட்டியவன்" என்ற பேச்சு உதவாது.

கடல் கடந்த சட்டங்கள்

எமது ஊரில் வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீடு அரிது. ஆகவே அந்நாடுகளின் நிலைமையையும் சுருக்கமாகப் பார்ப்பது பொருந்தும். பிரித்தானியாவில் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1961 முதல் பந்தயக் கடைகள் தெருவுக்கு வந்தன. 2005 ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இணையவழிப் பந்தயத்தையும் அனுமதிப்பத்திர முறைக்குள் கொண்டுவந்தது. லண்டனில் இருக்கும் வயதுவந்த ஒருவர் அனுமதி பெற்ற நிறுவனமொன்றில் பந்தயம் கட்டுவது அங்கு குற்றமன்று. வென்ற பணத்துக்கு வருமான வரியும் இல்லை.

அமெரிக்காவில் 1961 ஆம் ஆண்டின் மத்திய சட்டம் தந்தி, தொலைபேசி வழியே பந்தயத் தொழில் நடத்துவோரைக் குறிவைத்தது. 2006 இல் வந்த சட்டம் சட்டவிரோத இணையப் பந்தயத்துக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் நிறுவனங்களைக் குறிவைத்தது. இரண்டுமே சாதாரணமாகப் பந்தயம் கட்டும் தனிமனிதனை நோக்கி எழுதப்பட்டவை அல்ல. விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்க விடாமல் மாநிலங்களைத் தடுத்திருந்த 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018 மே மாதத்தில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதன்பின் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பந்தயத்துக்குக் கதவைத் திறந்தன.

இந்தியாவோ வேறு வழியில் போனது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் ஒரு கோடி இந்திய ரூபா வரை தண்டமும் என்றது. ஆனால் ஆடுபவருக்குத் தண்டனை வைக்கவில்லை. அவரைக் குற்றவாளியாக எண்ணாமல் பாதிக்கப்பட்டவராகவே அது எண்ணியது. தனிமனிதனையும் தண்டிக்கும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபா வரை தண்டம் என்று எழுதியது. சிங்கப்பூரின் 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அனுமதி பெறாத நிறுவனத்தில் பந்தயம் கட்டுபவரும் தண்டிக்கப்படலாம்.

இவற்றிலிருந்து தெரிவது யாது? லண்டனில் குற்றமில்லாதது சிங்கப்பூரில் குற்றமாகலாம். நேற்றுத் தடையாக இருந்தது இன்று தொழிலாகலாம். ஒரே தாய் வயிற்றிற் பிறந்த இரண்டு சகோதரர்கள் இரண்டு நாட்டிலிருந்து ஒரே போட்டிக்குப் பந்தயம் கட்டினால், ஒருவர் நல்லவர் என்றும் மற்றவர் கெட்டவர் என்றும் சொல்ல முடியுமா? முடியாதெனில், நன்மை தீமையை அளக்கும் கோல் சட்டப் புத்தகத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்பதுதானே பொருள்.

சட்டம் ஏன் கட்டுபவனை விட்டுவிடுகிறது?

பல நாட்டுச் சட்டங்கள் தனிமனிதனைத் தொடாமல் விடுவதற்கு மூன்று காரணங்களை நான் காண்கிறேன். ஒன்று, இயலாமை. ஆயிரக்கணக்கான படுக்கையறைகளில் போர்வைக்குள் ஒளிரும் கைத்தொலைபேசிகளை எந்தப் பொலிசாரும் காவல் காக்க முடியாது. இரண்டு, இரக்கம். ஏற்கெனவே தோற்றுப்போனவனுக்குத் தண்டமும் விதித்தால் அதைக் கட்டப்போவது அவன் மனைவியின் தாலிக்கொடிதான். மூன்று, வருமானம். அனுமதிப்பத்திரம் கொடுத்தால் திறைசேரிக்குப் பணம் வரும்.

இயலாமை, இரக்கம், வருமானம் ஆகிய மூன்றில் எதுவும் "நீ செய்வது நல்லது" என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்கு விளங்கும். அரச ஊழியர் ஒருவர் நிதிப் பிரமாணத்தில் அதிகாரம் இருந்தால் மட்டுமே ஒரு சதத்தையேனும் செலவழிக்கலாம். பொதுமகனுக்கோ சட்டம் தடுக்காத எதையும் செய்யும் சுதந்திரம் உண்டு. அந்தச் சுதந்திரம் உயர்ந்தது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சட்டம் விலகி நிற்கும் இடத்தில், "இங்கே நீயே உனக்கு நீதவான்" என்ற பொறுப்பு எம்மிடம் வந்து சேர்கிறது. சுமை குறைவதில்லை, தோள் மாறுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சட்டம் தண்டிக்காமல் விடுவது சட்டம் பாதுகாக்கிறது என்பதாகாது. எமது நாட்டின் பொதுச்சட்டமாகிய ரோமன் டச்சுச் சட்ட மரபில் சூதாட்டக் கடனை வழக்கு வைத்து அறவிட முடியாது. யாரென்றே தெரியாத வெளிநாட்டுக் கொம்பனி, வென்ற பணத்தைத் தராமல் கணக்கை மூடிவிட்டால் எந்த நீதிமன்றில் முறையிடுவது? பொலிஸ் பிடிக்காத இடம் என்று நாம் மகிழும் அதே இடம், எமது முறைப்பாட்டை எழுதிக்கொள்வதற்கும் யாரும் இல்லாத இடமாகும்.

முன்னோர் பார்த்த இரு வழிகள்

தடைசெய்வதா, வரி வாங்கி அனுமதிப்பதா என்ற விவாதம் இன்றைக்குத் தோன்றியதன்று. மனுதர்ம சாத்திரம் அரசன் தன் நாட்டிலிருந்தே சூதை ஒழிக்கவேண்டும் என்கிறது. உயிரற்ற காய்களை வைத்து ஆடுவதைச் சூது என்றும், உயிருள்ளவற்றை மோதவிட்டுப் பணயம் வைப்பதை வேறொரு பெயராலும் அது பிரித்துப் பேசுகிறது. இன்றைய விளையாட்டுப் பந்தயம் இந்த இரண்டாவதற்கே நெருங்கியது. கௌடில்யரின் அர்த்த சாத்திரமோ, சூதாட்டத்துக்கென ஓர் அதிகாரியை நியமித்து, ஓரிடத்தில் மட்டும் ஆடவிட்டு, வென்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து வீதத்தை அறவிடச் சொல்கிறது. ஒரு நூல் இந்தியாவின் 2025 ஆம் ஆண்டுச் சட்டம் போன்றது. மற்றது எமது 1988 ஆம் ஆண்டுச் சட்டம் போன்றது. ஈராயிரம் ஆண்டுகளாக அரசர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடி வந்திருக்கிறார்கள்.

ஆடுகின்ற மனிதனின் நெஞ்சை நோக்கிப் பேசியவை வேறு நூல்கள். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 34 ஆவது பாடல் ஒரு சூதாடியின் புலம்பலாக அமைந்தது. அக்காலத்தில் உருட்டியது தான்றிக்காய். மனைவி வெறுக்கிறாள், தாய் கலங்குகிறாள், கடன்காரனுக்குப் பயந்து இரவில் பிறர் வீட்டை நாடுகிறான். ஆடமாட்டேன் என்று உறுதி எடுத்தவன், காய் உருளும் ஓசை கேட்டதும் ஓடிப் போகிறான். முடிவில் அவனுக்குக் கிடைக்கும் அறிவுரை, சூதை விட்டு வயலை உழு என்பதே. தான்றிக்காயின் ஓசைக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியின் அறிவிப்பு ஒலியை வைத்துப் பாருங்கள், ஒரு சொல்லும் பழையதாகத் தோன்றாது.

திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில், பொருட்பாலில் வைத்தார். அதை ஒரு பாவம் என்று ஒதுக்கிவிடாமல், பொருளையும் உடலையும் உறவையும் ஒருங்கே அழிக்கும் நோயாக அவர் கண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. வென்ற பணத்தைத் தூண்டிலில் உள்ள இரைக்கு அவர் ஒப்பிட்டதை நாம் பள்ளியிலேயே படித்தோம். முதற் பந்தயத்துக்கு இலவசப் பணம் தருவதாக அழைக்கும் இன்றைய விளம்பரங்களைப் பார்க்கும்போது அந்த உவமையின் கூர்மை விளங்குகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக எமது வினாவுக்கு நேரே விடை தருவது மகாபாரதத்தின் சூதுச் சபை. அங்கே சட்டவிரோதம் எதுவும் நடந்ததாகச் சபையோர் எண்ணவில்லை. அரசன் கட்டிய மண்டபம், முறையான அழைப்பு, அழைத்தால் மறுக்கலாகாது என்ற சத்திரிய வழக்கம், எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. துரியோதனனுக்காகச் சகுனி காயுருட்டலாமா என்ற ஆட்சேபனைகூட எழுந்து அடங்கிப் போயிற்று. கடைசியில் பாஞ்சாலி கேட்ட கேள்வியும் ஒரு சட்டக் கேள்விதான். தன்னைத் தோற்ற பின்னரா என்னைப் பணயம் வைத்தார் என்று கேட்டாள். தருமத்தின் நுட்பத்தை நான் அறியேன் என்று பீஷ்மரே தயங்கினார். விதி என்ன சொல்கிறது என்று பெரியவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்த நேரத்தில், கண்முன்னே ஒரு பெண்ணுக்கு அநீதி நடந்தது. அதை அநீதி என்று வாய்திறந்தவர்கள் விதுரனும் இளையவனாகிய விகர்ணனும்தான். விதிமீறல் இல்லை என்பதற்காகத் தருமம் அச்சபையைத் தப்பவிடவில்லை.

கணக்குப் பிள்ளையின் கணக்கு

"எனக்கு விளையாட்டு அறிவு உண்டு, நான் ஆராய்ந்தே கட்டுகிறேன்" என்று சொல்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நாணயச் சுண்டல் போல இருபுறமும் சமவாய்ப்புள்ள ஒரு போட்டிக்கு, 100 ரூபா கட்டி வென்றால் 200 ரூபா கிடைப்பதே நியாயம். பந்தய நிறுவனம் 190 ரூபாதான் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இப்பக்கமும் இன்னொருவர் அப்பக்கமும் 100 ரூபா கட்டினால், உள்ளே வந்தது 200, வெளியே போவது 190. யார் வென்றாலும் 10 ரூபா நிறுவனத்துக்கு. நிறுவனம் போட்டிக்குப் பந்தயம் கட்டவில்லை, எமது ஆசைக்குக் கட்டியிருக்கிறது.

ஒவ்வொரு முறையும் சராசரியாக நூற்றுக்கு ஐந்து ரூபா போகிறது. சிறு தொகைதானே எனலாம். ஆனால் எவரும் ஒருமுறையோடு நிறுத்துவதில்லை. கையில் மிஞ்சியதை மீண்டும் மீண்டும் கட்டிப் பதினான்கு முறை சுழற்றினால், சராசரிக் கணக்கில் முதல் பாதிக்கும் கீழே போய்விடும். முன்பெல்லாம் அடுத்த குதிரை ஓடும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு பந்துவீச்சுக்கும் பந்தயம் உண்டு. பதினான்கு சுழற்சிக்கு ஒரு மாலைப்பொழுது போதும். விளையாட்டு அறிவால் ஒரு சிலர் இக்கணக்கை வெல்லலாம். அப்படி வெல்பவருடைய பந்தயத் தொகையைக் குறைத்துவிடும் உரிமையும் நிறுவனத்தின் கையிலேயே இருக்கும்.

அது யாருடைய பணம்?

"என் பணம், என் விருப்பம்" என்பது அடுத்த வாதம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை இதற்கு நல்ல பதிலை வைத்திருக்கிறது. 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் சட்டமாக நடைமுறைக்கு வந்த எமது வழமையிலும், 1911 ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்திலும் 'தேடிய தேட்டம்' என்றொரு பகுதி உண்டு. திருமணத்தின் பின் கணவன் மனைவி இருவரில் ஒருவர் தேடியதாயினும், அது இருவருக்கும் உரிய தேட்டமாகவே அன்று எண்ணப்பட்டது. தோட்டத்தில் வெங்காயம் விற்ற காசும் சம்பளமும் அவன் கைக்கு வந்தாலும் அதில் அவளுக்கும் உரித்து உண்டு என்பதே இதன் உட்கருத்து. அவளைக் கேளாமல் பந்தயம் கட்டுபவன் தன் பணத்தை மட்டும் பணயம் வைக்கவில்லை. பாஞ்சாலியின் கேள்வி எமது வீட்டு அடுப்படியிலேயே மறுபடியும் எழுகிறது.

திருமணமாகாத பிள்ளையாயின், அவன் கையிலுள்ளது பெரும்பாலும் பனிக்குளிரில் இரண்டு வேலை செய்யும் அண்ணனோ அக்காவோ அனுப்பிய காசு. படிப்புக்கென்று அனுப்பியதைப் பந்தயத்தில் இட்டால், அது சட்டப்படி களவு ஆகாதிருக்கலாம். அனுப்பியவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய செலவா என்பதே உரைகல். சொல்லத் துணியாத செலவு ஏற்கெனவே மனச்சாட்சியின் தீர்ப்பைப் பெற்றுவிட்டது.

வென்றால் மட்டும் என்ன? வென்ற பணம் வானத்திலிருந்து விழவில்லை. எங்கோ ஓர் ஊரில் எம்மைப்போல் ஒருவன் தோற்ற பணம், நிறுவனம் தன் பங்கை எடுத்தபின் எம்மிடம் வருகிறது. மேலும், பந்தயப் பணம் பெருகும் இடத்தில் விளையாட்டே கெடுகிறது. 2010 இல் லோர்ட்ஸ் மைதானத்தில் சொல்லிவைத்து முறையற்ற பந்துகளை வீசியதற்காகப் பாகிஸ்தான் வீரர் மூவர் 2011 இல் லண்டனில் சிறை சென்றார்கள். வாங்கியவர் மூவர். அந்தச் சந்தையை உயிரோடு வைத்திருந்தவர்கள் உலகெங்கும் சிறுசிறு தொகை கட்டிய எண்ணற்ற பேர்.

நியாயமான எதிர்க் கேள்விகள்

"அரசே லொத்தர் விற்கிறதே" என்பார்கள். உண்மை. தேசிய லொத்தர் சபை 1963 முதல் இருந்து வருகிறது. "கோயிலும் சனசமூக நிலையமும் சீட்டிழுப்பு நடத்துவதில்லையா?" என்றும் கேட்பார்கள். அதுவும் உண்மை. இவற்றை மூடிமறைத்து இளைஞருக்குப் புத்தி சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். சீட்டிழுப்பும் அதிர்ஷ்டத்தை விற்பதுதான். அளவும் வேகமும் வேறு என்பது மெய்யே. சீட்டு வாங்குபவர் நட்டமாகும் தொகையை முன்கூட்டியே அறிவார், இரவிரவாகத் தோற்றதைத் துரத்திப் பிடிக்க அதில் வழியில்லை. ஆயினும் வகை ஒன்றே. ஆகவே திருப்பணிக்குப் பணம் வேண்டுமெனில் நேரே கைநீட்டிக் கேட்பதே ஆலயத்துக்கு அழகு என்பது எனது தாழ்மையான கருத்து. இதைச் சபையும் சிந்திக்கவேண்டும்.

"விவசாயமும் மழையோடு ஆடும் சூதுதானே" என்றும் ஒருவர் சொன்னார். அழகான பேச்சு. ஆனால் எனது தோட்டத்தில் நன்றாக விளைந்தால் அயலவன் தோட்டம் வாடவேண்டியதில்லை. நட்டப்பட்டாலும் மண்ணைக் கொத்திய கை உரமேறியிருக்கும். பந்தயத்தில் விளைவது எதுவுமில்லை, கைமாறுவது மட்டுமே உண்டு. பாடசாலைப் பெரும் போட்டியன்று நண்பர்கள் ஒரு சோடாவுக்குப் பந்தயம் பிடிப்பதை நான் இதோடு சேர்க்கவில்லை. அங்கே தோற்றவனும் அந்தச் சோடாவில் ஒரு மிடறு குடிப்பான்.

உபயம் பற்றிய ஒரு கேள்வி

சபைக் கூட்டமொன்றில் ஒருவர் ஒரு கேள்வியை முன்வைத்தார். நாளை ஓர் அடியவர் வந்து, "இணையப் பந்தயத்தில் வென்ற பணம் இது, சட்டப்படி குற்றமில்லை, ஒரு திருவிழா உபயமாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றால் என்ன செய்வோம்? பணத்துக்கு நிறமில்லை, சுவாமிக்குக் கொடுப்பதைத் தடுக்க நாம் யார் என்றார் ஒருவர். ஏற்கவே கூடாது என்றார் இன்னொருவர். வாசலில் நின்று ஒவ்வொருவர் பணத்தையும் விசாரிக்கப் புறப்பட்டால் தேர் இழுக்க ஆளிருக்காது என்றார் மூன்றாமவர். அன்று முடிவு எட்டப்படவில்லை.

எனது கருத்தை இங்கே பதிகிறேன். உண்டியலில் விழுவது அடியவருக்கும் ஆண்டவனுக்கும் இடையிலானது, அதை நாம் கேட்க முடியாது. உபயம் அப்படியன்று. ஒலிபெருக்கியில் உபயகாரர் பெயரைச் சொல்லி, பரிவட்டம் கட்டி, காளாஞ்சி கொடுக்கிறோம். அது ஊர் கொடுக்கும் மரியாதை. வீதியில் விளையாடும் பத்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எதை ஊர் மதிக்கிறது என்று அப்பிள்ளை அந்த ஒலிபெருக்கியிலிருந்தே கற்றுக்கொள்கிறது. ஆகவே அப்பணத்துக்கு அந்த மரியாதையை நாம் கொடுக்கலாகாது. ஆனால் அந்த மனிதரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. "தம்பி, அடைவில் இருக்கும் நகை ஏதும் இருந்தால் முதலில் அதை மீட்டு வீட்டிற் கொடும். பிறகு உமது உழைப்பில் ஒரு கற்பூரம் கொண்டு வாரும், அதுவே பெரிய உபயம்" என்று சொல்லி, அவர் கையில் திருநீற்றைக் கொடுப்பதே தர்மகர்த்தாவின் கடமை என்று எண்ணுகிறேன்.

ஊரின் பொறுப்பு

சட்டம் கட்டுபவனை விட்டு விலகி நிற்கிறது என்றால், அவ்வெற்றிடத்தை நிரப்ப வேண்டியது வீடும் ஊரும்தான். முதலாவது, தோற்றுக் கடன்பட்ட பிள்ளை வாய்திறந்து சொல்லக்கூடியதாக வீடு இருக்க வேண்டும். ஏச்சுக்கும் மானத்துக்கும் பயந்து மறைக்கும் கடன்தான் உயிரைக் குடிக்கிறது. கடனைத் தீர்க்க மறுபடியும் பந்தயம் கட்டுவதுதான் அவன் மனத்துக்குத் தோன்றும் ஒரே வழி. அந்த வழியை அடைக்க, கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப்பார்க்க உதவும் ஒரு பெரியவர் போதும். இரண்டாவது, எமது விளையாட்டுக் கழகங்கள் பந்தய நிறுவனங்களின் பணத்தையோ பெயரையோ தம் மேற்சட்டையில் ஏற்காதிருக்க வேண்டும். மூன்றாவது, தன் வங்கிக் கணக்கை எவரும் எவருக்கும் இரவல் கொடுக்கலாகாது.

"சட்டத்தில் குற்றமா?" என்று கேட்கும் எமது பிள்ளைகளுக்கு இனி நான் சொல்லும் விடை இதுதான். கட்டுகின்றவனைத் தேடிப் பல சட்டங்கள் வருவதில்லை. எங்கே வரும், எங்கே வராது என்பதை மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் சட்டம் வராத இடத்துக்கு மனைவியும் தாயும் உடன்பிறப்பும் வந்து நிற்பார்கள். அவர்கள் முன்னிலையில் கணக்கை விரித்துக் காட்ட முடிந்தால் உமது செயலுக்கு நீரே பொறுப்பு. முடியாதெனில், எந்த நாட்டுச் சட்டப் புத்தகமும் உம்மை விடுவிக்காது.

எமது பிள்ளைகள் தம் உழைப்பின் மீதே நம்பிக்கை வைத்து, ஊரும் உறவும் மதிக்க நல்வாழ்வு வாழவேண்டும் என்று எம்பெருமானின் திருவருளை வேண்டி அமைகிறேன்.